பச்சை முன்னா, ஆரஞ்சு முன்னா

பொற்கொடிக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ்சுக்காக நிற்கச் சொன்னால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய் ஏறுவாள். அடுப்பில் பால் வைத்தால் பொங்கும் முன்பே நாலு தரம் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். எட்டாம் மாசமே பிறந்து விழுந்தவள், வயிற்றுக்குள் இருக்கக்கூடப் பொறுமை இல்லாதவள் என்று ராசிங்காபுரத்தில் அவள் அம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லி முடிக்கும்வரைகூட பொற்கொடி அங்கே நிற்பதில்லை.

அப்படிப்பட்ட ஒருத்திதான் போன ஐப்பசியில், ஓடைக்கரையில் மழையில் நனைந்துகொண்டு, அக்கரையில் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதைப் புரிந்துகொள்ள அவள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம்.

அப்பாவுக்கு ராசிங்காபுரத்தில் மக்காச்சோளக் காடு. மூன்று பெண் பிள்ளைகளில் நடுவில் பிறந்தவளை டிப்ளமோ படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் போடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தாள். நெட் கேபிளை வெட்டி, உள்ளேயிருக்கும் எட்டுக் கம்பிகளை வரிசையாக அடுக்கி, முனையில் கண்ணாடி மாதிரி ஒரு கனெக்டரை மாட்டி, கிரிம்பிங் டூலில் வைத்து நெரிக்கிற வேலை அங்கேதான் கைக்கு வந்தது. எட்டுக் கம்பியும் எட்டு நிறம். கடைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஆரஞ்சு ஜோடி முன்னால், பச்சை ஜோடி பின்னால். பார்த்துப் பார்த்து, பிறகு பார்க்காமலே செய்யும் அளவுக்கு வந்துவிட்டாள்.

கட்டிக்கொண்டது பாண்டித்துரையை. அத்தை மகன்தான். அவன் குடும்பம் மூன்று தலைமுறையாக ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறிய குடும்பம். இவன் மட்டும் காய் பறிக்கப் போகாமல், நெடுங்கண்டத்தில் ஒரு மலையாளி காண்ட்ராக்டரிடம் கேமரா மாட்டப் போனான். தொழில் அங்கே கற்றதால் நிறங்களின் வரிசையும் அங்கே கற்றதுதான். "பச்ச ஆத்யம்" என்பார் அந்த காண்ட்ராக்டர். பச்சை முதலில். அவ்வளவுதான் பாடம். பாண்டித்துரையின் கை அதை மறக்கவே இல்லை.

இரண்டு வரிசையும் சரியான வரிசைதான். உலகத்தில் பாதிப் பேர் அப்படிச் செய்கிறார்கள், பாதிப் பேர் இப்படிச் செய்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எஸ்டேட் எஸ்டேட்டாகக் கேமராவும் நெட்டும் போட்டார்கள். கம்பத்தில் ஏறுவது, கூரைமேல் நடப்பது அவன் சோலி. ஆபீசுக்குள் உட்கார்ந்து பெட்டியில் மாட்டுவது அவள் சோலி. ஆகவே அவர்கள் இழுத்த ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு முனை அவன் நெரித்தது, மறுமுனை அவள் நெரித்தது. ஒரு முனை பச்சை முன்னால், மறுமுனை ஆரஞ்சு முன்னால். மலை முழுக்க இப்படியே. மற்ற எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்கிற புருஷன் பெண்டாட்டி, இந்த ஒன்றை மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

நியாயமாக அந்தக் கேபிள்கள் ஒன்றுகூட வேலை செய்திருக்கக் கூடாது. இவர்கள் போடுகிற நெட்டின் வேகத்துக்கு எட்டுக் கம்பியில் நாலுதான் உழைக்கின்றன. ஒரு ஜோடி பேசும் வாய், ஒரு ஜோடி கேட்கும் காது. இந்த முனையின் வாய் அந்த முனையின் காதில் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் பச்சை முன்னாலும் மறுபக்கம் ஆரஞ்சு முன்னாலும் வைத்தால் ஜோடிகள் இடம் மாறி, வாய்க்கு நேரே வாயும் காதுக்கு நேரே காதும் வந்து நிற்கும். இரண்டு பேரும் கத்துவார்கள், யாருக்கும் கேட்காது.

ஆனால் இந்தக் காலத்து ஸ்விட்ச் பெட்டிகள் கெட்டிக்காரப் பெட்டிகள். கேபிளைச் செருகியதும் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்கும். சத்தம் வரவில்லை என்றால், தன் வாயையும் காதையும் உள்ளுக்குள்ளேயே இடம் மாற்றிக்கொண்டு மறுபடி கேட்கும். சேர்ந்துவிட்டால் பச்சை விளக்கை எரியவிடும். யார் செய்த தப்பு என்று விசாரிக்காது. இவர்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காகச் செய்த தப்பையெல்லாம் அந்தப் பெட்டிகள் வாய் திறக்காமல் திருத்திக்கொண்டே வந்தன. கேபிளைச் சோதிக்கும் டெஸ்டர் இருந்ததே என்றால், இருந்தது. விளக்கு எரிந்த பிறகு எவன் டெஸ்டரைத் தேடுவான்?

அன்றைக்கு அவர்கள் போனது மெட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும் ஒரு சின்ன எஸ்டேட்டுக்கு. எஸ்டேட்டை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. இக்கரையில் ஆபீஸ். அக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். நடுவே ஒரு தரைப்பாலம். அக்கரை பள்ளம் என்பதால் அங்கே செல்போன் எடுக்காது. அதனால்தான் ஸ்டோரில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் கேமராவும் மைக்கும் வைத்து, ஆபீசிலிருந்து பேச வழி செய்திருந்தார்கள். கேபிள் ஒரே ஓட்டமாக அவ்வளவு தூரம் போகாது என்று ஓடைக்கரைக் கம்பத்தில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் ஒரு ஸ்விட்ச். ஆபீசிலிருந்து வரும் கேபிளும் ஓடையைத் தாண்டிப் போகும் கேபிளும் அதில்தான் சந்திக்கும்.

காலையில் பாண்டித்துரை சட்டைப்பையில் கொஞ்சம் கனெக்டரும் கையில் ஒரு கிரிம்பிங் டூலுமாக, ஸ்டோர் கேமராவைச் சரிபார்க்க அக்கரை போனான். சாமான் பையை இவளிடமே விட்டுவிட்டான். இவள் ஆபீசில் உட்கார்ந்து வேறு வேலை பார்த்தாள். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. ஓடை செம்மண் நிறத்தில் எழும்பி, தரைப்பாலத்தின் நடுத்துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"போனா போகுது, பறிக்கிற ஆளுகளெல்லாம் ஸ்டோருக்குத்தான் வந்திருப்பாக. மழை விட்டதும் பாப்போம்" என்றார் கங்காணி கன்னையன். வாரச் சோலியாக எஸ்டேட்டுக்கு வந்திருந்த நர்ஸ் வீரலட்சுமி, இனி அக்கரை போக முடியாது என்று ஆபீசிலேயே குடையை மடக்கிவைத்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் கம்ப்யூட்டரில் செல்லக்கிளியின் முகம் தெரிந்தது. பறிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, ரோஜாவப் பாம்பு கடிச்சிருச்சுண்ணே. ஏலச்செடி தூருக்குள்ள கையவிட்டு எந்திரிக்கையில காலுல போட்டிருச்சு. விரியன்தான், தலை தட்டையா இருந்துச்சு. பிளேடு வச்சு லேசா கீறிவிட்டு, மெட்டுப் பக்கமா நடத்தியே கூட்டிட்டுப் போயிரலாம்னு..."

வானம் வெடித்த மாதிரி ஒரு இடி. ஆபீஸ் விளக்குகள் அணைந்து எரிந்தன. திரையில் செல்லக்கிளி இல்லை.

வீரலட்சுமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கீறக் கூடாது, நடக்க விடவே கூடாது. மெட்டுக்கு ஏத்தம். அந்த ஏத்தத்துல நடந்தா விஷம் ஒடம்பு பூராவும் ஏறிரும். படுக்கப் போட்டு அசையாம வைக்கணும். யாராச்சும் சொல்லுங்க அவகளுக்கு."

எப்படிச் சொல்வது? கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஓடையின் இரைச்சல் விழுங்கிவிடும். சைகை காட்டலாம் என்றால் நாலு எட்டுக்கு அப்பால் மஞ்சு மூட்டமாக அடைத்துக் கிடக்கிறது, அக்கரையே இல்லாத மாதிரி. கன்னையன் போடி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். கயிறு கட்டி ஆளைக் கடத்துகிற வண்டி கிளம்பியாயிற்று. அது மலைச்சாலையில் வளைந்து வளைந்து வந்து சேரும்வரை அக்கரையில் அந்தப் பெண்ணை நடத்தாமல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போய்ச் சேர வேண்டும்.

பொற்கொடி அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

கம்பத்துப் பெட்டியைத் திறந்ததும் கருகல் வாடை. ஸ்விட்ச் செத்துவிட்டது. திரும்ப ஆபீசுக்கு ஓடி, பரண்மேல் தூசியோடு கிடந்த ஒரு பழைய ஸ்விட்சை எடுத்துவந்தாள். கனமான இரும்புப் பெட்டி, அந்தக் காலத்துச் சரக்கு. மின்சாரம் கொடுத்ததும் உயிர் வந்தது. ஆபீஸ் கேபிளைச் செருகினாள், விளக்கு எரிந்தது. ஓடைக் கேபிளைச் செருகினாள். எரியவில்லை. வேறு ஓட்டையில் செருகினாள். அதிலும் எரியவில்லை.

"என்ன தாயி?" என்றார் கன்னையன். அவள் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கனெக்டர் துரு ஏறியிருக்கும்ண்ணே." வெட்டினாள். புதுக் கனெக்டர், அதே ஆரஞ்சு வரிசை, விரல்கள் பழக்கத்தில் தாமாக அடுக்கின. நெரித்தாள், செருகினாள். இருட்டு.

அக்கரைக் கம்ப்யூட்டரும் இடியில் கருகியிருந்தால் இங்கே குட்டிக்கரணம் அடித்தாலும் பயனில்லை. அங்கே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. பாண்டித்துரைக்கு இடி பயம் இல்லை, ஆனால் அவன் எங்கே நின்றிருந்தான், எதைத் தொட்டுக்கொண்டிருந்தான்? அந்த நினைப்பை அவள் உள்ளே வரவே விடவில்லை.

அப்போது கேபிள் ஆடியது.

லேசாகத்தான். ஓடைக்கு மேலே இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டிய கேபிள் அது, இழுத்துச் சேதி சொல்லக் கயிறு இல்லை. ஆனாலும் மஞ்சுக்குள் எங்கோ அதன் மறுநுனியில் யாரோ வேலை செய்கிறார்கள் என்று அந்த அசைவு சொன்னது. உயிரோடு இருக்கிறான். அவனும் இதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

கனெக்டரைத் தேடி அவன் பையைக் கவிழ்த்தாள். கனெக்டர் இரண்டே இரண்டு, டேப்பு, திருப்புளி, பீடிக்கட்டு ஒன்று. விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூடவே அவன் சோதனைக்காக வைத்திருக்கும் முழ நீளக் கேபிள். இரண்டு முனையும் அவனே நெரித்தது. அவள் கண் அதன் கனெக்டரில் நின்றது. வெள்ளைப்பச்சை, பச்சை, வெள்ளைஆரஞ்சு...

பச்சை முன்னால். இந்த முனையிலும் பச்சை முன்னால், அந்த முனையிலும் பச்சை முன்னால்.

ஒரு நொடியில் அத்தனை வருஷமும் விளங்கிவிட்டது. மலையில் இழுத்த அத்தனை கேபிளும் விளங்கிவிட்டது. செத்துப்போன ஸ்விட்ச் இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும், இந்தப் பழைய இரும்புப் பெட்டி ஏன் அதைச் செய்யாது என்பதும் விளங்கிவிட்டது. இது அந்தக் காலத்துப் பெட்டி. தானாக மாற்றிக்கொள்ளத் தெரியாது. ஆபீஸ் முனையில் இருப்பது புதுப் பெட்டி, அது மாற்றிக்கொண்டதால்தான் அந்த விளக்கு எரிந்தது. அக்கரைக் கம்ப்யூட்டரும் அதே காலத்தது. இரண்டு செவிடுகளுக்கு நடுவே, வாய்க்கு நேரே வாய் வைத்துக் கட்டிய கேபிள்.

"அட எம் புத்தியச் செருப்பால அடிக்க" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். பழக்கப்படாத வரிசை என்பதால் ஒவ்வொரு கம்பியையும் கண்ணால் பார்த்து அடுக்க வேண்டியிருந்தது. பச்சை முன்னால். அவனுடைய வரிசை. நெரித்துச் செருகினாள்.

இருட்டு.

கன்னையனிடமிருந்து பெருமூச்சு வந்தது. மேலே ஆபீஸ் வாசலிலிருந்து வீரலட்சுமி, "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொற்கொடி கனெக்டரைப் பிடுங்கி வரிசையை மறுபடி பார்த்தாள். தப்பே இல்லை. பளிச்சென்று பச்சை முன்னால். அப்படியானால் கோளாறு இங்கே இல்லை, அங்கே. அங்கே என்ன கோளாறு? கேபிள் ஆடியதே, அவன் என்ன செய்தான்?

அவன் என்ன செய்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவள் செய்ததைத்தான் செய்திருப்பான். ஸ்டோரில் பிரிண்டருக்கு அவள் போட்டுக் கொடுத்த கேபிள் ஒன்று இருக்கிறது, இரண்டு முனையும் அவள் நெரித்தது. அதைப் பார்த்திருப்பான். ஆரஞ்சு முன்னால் என்று கண்டிருப்பான். இவள் எங்கே மாற்றப்போகிறாள், நாமே மாற்றுவோம் என்று தன் முனையை ஆரஞ்சு ஆக்கியிருப்பான். இவள் அவன் பக்கம் போன அதே நேரம் அவன் இவள் பக்கம் வந்துவிட்டான். மறுபடியும் வாய்க்கு நேரே வாய்.

அவர்கள் குடும்பம் நடந்த லட்சணமே இதுதான். சண்டை போட்டுவிட்டு அவள் அவனுக்குப் போன் அடிப்பாள், அதே நேரம் அவன் அவளுக்கு அடிப்பான், இரண்டு பக்கமும் பிசி. வைத்துவிட்டு இருவரும் மறுபடி அடிப்பார்கள், மறுபடி பிசி. யாராவது ஒருவர் சும்மா இருந்தால் போதும். இருந்ததில்லை.

பெட்டிகளைச் செய்தவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் தானாக மாற்றும் பெட்டி இருந்து, இரண்டும் ஒரே தாளத்தில் மாறினால் விடிய விடிய மாறிக்கொண்டே இருக்கும், சேரவே சேராது. அதனால் ஒவ்வொரு பெட்டியும், மாறுவதற்கு முன் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிற மாதிரி எடுத்துக்கொள்கிறது. ஒன்று பொறுத்திருக்கும்போது மற்றது மாறும். பிடித்துக்கொள்ளும். பெட்டிக்கு இருக்கிற அந்த அறிவு, மனுஷர்களுக்குக் கழுத்துவரை தண்ணீர் வந்த பிறகுதான் வருகிறது.

அவளிடம் ஒரே ஒரு கனெக்டர் மிச்சம். அவள் உடம்பு முழுக்க, கை முழுக்க, வெட்டு வெட்டு என்றது. திரும்ப ஆரஞ்சுக்கு மாற்றினால் இப்போதே விளக்கு எரியும், அவன் அங்கே மாற்றாமல் இருந்தால். ஆனால் அவன் இருப்பானா? அவனும் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பான். இருவரும் திரும்பினால் மறுபடி இதே இடம், கனெக்டரும் தீர்ந்திருக்கும்.

இருவரும் சும்மா நின்றாலும் தீர்ந்தது கதை. அதையும் அவள் யோசிக்காமல் இல்லை.

பச்சை வரிசைக் கனெக்டரை ஸ்விட்சில் செருகினாள். மிச்சமிருந்த கனெக்டரைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கைகளைக் கட்டி, விரல்களை அக்குளுக்குள் திணித்துக்கொண்டாள், அவை தன் பேச்சைக் கேட்காது என்று பயந்தவள் மாதிரி.

"என்ன தாயி, நிப்பாட்டிட்ட?" என்றார் கன்னையன்.

"அவுக மாத்தட்டும்ண்ணே."

"அவன் மாத்துவான்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லண்ணே."

"அந்தப் புள்ள அங்க நடக்க ஆரம்பிச்சிருந்தா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. குடை அவர் கையில் ஆடியது. "ஒரு உசுரு அங்க போயிட்டிருக்கு. ஏதாச்சும் செய்யணும்ல? சும்மா நிக்கிறதுக்கா உன்னக் கூப்ட்டோம்?" கன்னையன் கெட்ட மனுஷர் இல்லை. ரோஜா அவர் தெருப் பெண். கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் ஆகிறது. தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை.

பொற்கொடி கண்ணை விளக்கைவிட்டு எடுக்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு நேரம் எதையும் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. எவ்வளவு நேரம் என்று பிற்பாடு கேட்டால் அவள் ஒரு மணி நேரம் என்பாள், கன்னையன் ஒரு பீடி குடிக்கிற நேரம் என்பார். கேபிள் ஆடுகிறதா என்று பார்த்தாள். ஆடவில்லை. மாத்துங்க மாமா, மாத்துங்க மாமா என்று உதடு மட்டும் அசைந்தது. தான் தப்பாக நின்றுவிட்டோமோ, ஒரு பெண்ணை நின்றே கொன்றுவிட்டோமோ என்று நினைத்தாள். ஆனாலும் கைகளை எடுக்கவில்லை.

விளக்கு ஒரு தரம் மின்னியது. அணைந்தது.

மறுபடி மின்னியது. அணைந்தது. பிறகு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"நர்சக்கா, பேசுங்க" என்று கத்திக்கொண்டே மேட்டில் ஏறி ஓடினாள்.

ஆபீஸ் திரையில் ஸ்டோரின் கூடம் தெரிந்தது. படம் விட்டுவிட்டு வந்தது, குரல் மட்டும் சீராக வந்தது. ரோஜா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பெண்களின் தோளில் கைபோட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, வாசலைப் பார்த்து நின்றாள். செல்லக்கிளி கையில் பிளேடு பளபளத்தது.

"உக்காருங்க. அவள உக்கார வைங்க" என்றார் வீரலட்சுமி. குரலில் அப்படியொரு அதிகாரம் பொற்கொடி கேட்டதில்லை. "செல்லக்கிளி, அந்தப் பிளேடத் தூரப் போடு. ஒரு அடி நடக்கக் கூடாது. படுக்க வை. காலுக்கு ரெண்டு பக்கமும் பலகையோ கட்டையோ வச்சு அசையாமப் பண்ணு. கட்டுப் போட்டிருக்கியா?"

"சேலைத்துணி சுத்திருக்கேன்க்கா."

"விரல் உள்ள போகுதா?"

"போகுது."

"அப்ப அப்படியே இருக்கட்டும், இறுக்காத. போடியிலருந்து வண்டி வருது, கயித்துல கடத்துவாக. ஆத்தா ரோஜா, நான் பேசறது கேக்குதா? பயப்படாத. பயந்தா நெஞ்சு வேகமா அடிக்கும், அது நமக்கு ஆகாது. என் மூஞ்சியப் பாத்துட்டே படுத்திரு."

ரோஜாவைப் படுக்க வைத்தார்கள். அவள் தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தாள். அப்போதுதான் பொற்கொடி பாண்டித்துரையைத் தேடினாள். கேமராவுக்குள் அவன் இல்லை.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"இங்கதான் புள்ள, கம்ப்யூட்டருக்குப் பின்னால." குரல் இறுகிப்போயிருந்தது. "கனெக்டர் தீந்துபோச்சு. பிரிண்டர் கேபிள வெட்டி, கம்பியோட கம்பிய முறுக்கி வச்சிருக்கேன். விரல்ல பிடிச்சிட்டு நிக்கிறேன். விட்டா அணைஞ்சிருது."

"டேப்பு?"

"பை உங்கிட்டல்ல இருக்கு."

அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டேப்பு இக்கரையில், கம்பத்துக்குக் கீழே நனைந்துகொண்டு கிடந்தது. அன்றைக்கு இரண்டாம் தரமாக, ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பதே வேலையாகிப்போனது.

வண்டி வரும்வரை அவன் அப்படியே நின்றான். வீரலட்சுமி விடாமல் ரோஜாவோடு பேசிக்கொண்டே இருந்தார். இமை தொங்குகிறதா, ஈறில் இரத்தம் வருகிறதா, வீக்கம் முழங்காலைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, போடி ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் படம் அணைந்தது. இரண்டு தரமும் அக்கரையிலிருந்து ஒரு கெட்ட வார்த்தையோடு திரும்ப வந்தது. அந்தக் கெட்ட வார்த்தையைக் கேட்டு ரோஜாவே ஒரு தரம் சிரித்தாள்.

தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். ஓடைக்குக் குறுக்கே கயிறு கட்டி, தூளி மாதிரி ஒன்றில் ரோஜாவைப் படுக்கவைத்து, அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். தண்ணீர் கையெட்டும் தூரத்தில் ஓடியது. அவள் கால் இக்கரை மண்ணைத் தொடவே இல்லை. தூளியிலிருந்து அப்படியே தூக்கி எஸ்டேட் ஜீப்பில் வைத்தார்கள், வீரலட்சுமி கூடவே ஏறிக்கொண்டார், ஜீப்பு இறங்கியது. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கால் வீக்கம் வடிய நாள் பிடித்தது. இன்னும் கொஞ்சம் விந்தி நடக்கிறாள் என்கிறார்கள். நடக்கிறாள், அதுதான் பேச்சு.

எல்லாரையும் கடத்திவிட்டுக் கடைசியாகப் பாண்டித்துரை வந்தான். கயிற்றிலிருந்து இறங்கி, தலையைத் துவட்டக்கூட இல்லாமல் நின்றான். வலது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"எதுல நின்ன?" என்று கேட்டான்.

"பச்சையில."

"எம் பச்சையிலயா?"

"ம்."

அவன் அவளை நம்பாமல் பார்த்தான். "நீ திரும்ப ஆரஞ்சுக்கே போயிருப்பன்னுதான் நெனச்சேன். நீ எங்க பொறுக்கப்போற. நானும் பொறுத்துப் பாத்தேன், எரியல. அதுக்குள்ள ரோஜா எந்திரிச்சு நின்னுருச்சு. என்னமோ போன்னு கண்ண மூடிட்டு முறுக்கப் பச்சைக்கே மாத்தினேன்."

வேறு நாளாக இருந்தால் அந்த 'எங்க பொறுக்கப்போற'வுக்குப் பதில் தனியாகக் கிடைத்திருக்கும். அன்றைக்கு அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இன்னும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. நடுவிரல் கொக்கியாக மடங்கிக் கிடந்தது. செம்புக் கம்பி பதிந்த இடத்தில் தோல் வெள்ளையாகக் குழிந்திருந்தது. கை அங்கே கேபிளை விட்டுவிட்டு வந்துவிட்டது, விரல்களுக்கு அது இன்னும் தெரியவில்லை.

அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"மெதுவா புள்ள, எரியுது."

"ஆடாம நில்லுங்க" என்றாள். கன்னையனும் தீயணைப்பு ஆட்களும் செல்லக்கிளியும் சுற்றி நின்று பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், அந்தக் கையைத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவன் ஆடாமல் நின்றான்.